மறுநாளும் உலக்கை நிற்கிறதா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளி வகுப்பறையில் மாதம் ஒருமுறை கூடுகிற அறிவியல் குழு உண்மையில் என்ன செய்கிறது? அற்புதம் என்று சொல்லப்படுவதை வித்தையாகச் செய்து காட்டுகிற 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சி நடத்தி மூடநம்பிக்கையை எதிர்ப்பதால் யாராவது மாறியிருக்கிறார்களா? வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற நீங்கள் அங்கே போய் உட்காரலாமா? மூன்றாவதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எனக்குப் படுகிறது. அம்மாவின் பூசையையும் குலசாமியையும் யாராவது கேலி செய்ய, அதற்குத் தலையாட்ட வேண்டி வருமோ என்ற தயக்கம் உங்கள் வரிகளிலேயே தெரிகிறது. அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் குழு என்ன செய்கிறது என்று முதலில் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 25 ஆண்டுகளுக்கு மேலாக இப்படியொரு குழுவில் இருக்கிறேன். வேதியியலும் கொஞ்சம் இயற்பியலும் தெரியும். மருத்துவமும் மனநலமும் என் துறைகள் அல்ல. அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உலக்கையிலிருந்து தொடங்குகிறேன். 2019 டிசம்பர் 26 காலையில் வளைய சூரிய கிரகணம் வந்தது நினைவிருக்கும். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே அதன் பாதை போனது. எங்கள் ஊர் அந்தப் பாதைக்குச் சற்று வெளியே இருந்ததால் சூரியன் பெரும்பகுதி மறைந்தது, வளையம் தெரியவில்லை. அன்று எங்கள் தெருவில் பல வீட்டு வாசல்களில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும் வரை நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. நாங்கள் அப்போது எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அதே நேரத்தில், அதே உலக்கையை, அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்க்கலாமா என்று மட்டும் ஒரு வீட்டுப் பாட்டியிடம் கேட்டோம். அவரே நிறுத்தினார். நின்றது. உலக்கையின் அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருக்கிறது. எடை நேராக அதன் மேல் இறங்கும்படி பொறுமையாக வைத்தால் எந்த நாளிலும் நிற்கும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால்தான் நிற்கிறது என்று ஒருவர் விளக்கம் சொன்னார். காலை ஒன்பதரை மணிக்குச் சூரியன் கிழக்கே சரிந்திருக்கும்போது உலக்கையும் அந்தப் பக்கம் சாய்ந்தல்லவா நிற்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். நான் இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

எங்கள் வேலை முழுவதும் அந்த மறுநாள் சோதனைதான். ஒரு காரணத்தால் ஒன்று நடந்தது என்றால், அந்தக் காரணம் இல்லாதபோதும் அது நடக்கிறதா என்று பார்ப்பது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடெங்கும் கூட்டம் கூடியபோதும் இதையே செய்தோம். கரண்டியை அம்மிக் குழவியின் மேல் தொட்டு வைத்தோம், குழவியும் குடித்தது. பாலின் பரப்பு இழுவிசை அதை விளிம்பிலிருந்து கல்லுக்கு இழுக்கிறது. பிறகு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அது கீழே வழிந்துவிடுகிறது. அரசு விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து காட்டியதும் வழிகிற தடம் எல்லோருக்கும் தெரிந்தது.

மாதக் கூட்டம் என்பது பெரிய விழா எதுவும் கிடையாது. 15 பேர் வந்தால் நல்ல கூட்டம். யாராவது ஒருவர் அந்த மாதம் கேள்விப்பட்ட ஒன்றைக் கொண்டுவருவார். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும். உண்மை, பொய் என்று உடனே சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒரே விதி. யார் பார்த்தது, வேறு எப்படி நடந்திருக்கலாம், இதை எப்படிச் சோதிப்பது என்று முதலில் பேச வேண்டும். 'இன்று இரவு பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகில் வருகின்றன, கைப்பேசியை அணைத்து வையுங்கள்' என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அதை எடுத்துப் பேசினால் ஒரு மாலை போதாது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற நுண்துகள்கள் உண்டாகின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் வந்து விழுகிறது. விரித்த உள்ளங்கை வழியாக நிமிடத்துக்கு நூறு துகள் அளவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, நாம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதும். பொய்யான அந்தச் செய்தி இல்லாவிட்டால் இந்த உண்மையான அதிசயத்தை அந்த வகுப்பறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நீங்கள் பார்த்த 'மந்திரமா தந்திரமா'. இதன் வேர் இரண்டு பேரிடம் போகிறது. திருவல்லாவில் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் ஒருவர். ஏமாற்ற முடியாத சூழலில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை யாரும் அதை வெல்லவில்லை. இன்னொருவர் கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். அந்தச் சவாலைத் தன் பெயரில் தொடர்ந்ததோடு, நூற்றுக்கும் மேற்பட்ட வித்தைகளை ஊர் ஊராகச் செய்து காட்டி, செய்முறையையும் சொல்லிக்கொடுத்தார். 2009இல் மறைந்தார். தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உட்படப் பல அமைப்புகளின் மேடைகளில் இன்று நடக்கிற நிகழ்ச்சிகளில் அவர் கைவண்ணம் இருக்கிறது.

வித்தைகளின் வேதியியல் உறுதியானது. மஞ்சள் தடவிய கையில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் குங்குமச் சிவப்பு வரும், வீட்டில் ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். செம்பருத்திச் சாறு தடவிக் காயவைத்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் அமிலம் பட்டுச் சிவந்து 'ரத்தம்' ஒழுகும். வெறும் கையில் விபூதி வரவழைக்க, கஞ்சி சேர்த்துப் பிடித்துக் காயவைத்த விபூதி உருண்டையைப் பெருவிரல் இடுக்கில் ஒளித்து நசுக்கினால் போதும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் மேல் நெய் என்று சொல்லி கிளிசரினை ஊற்றினால் யாகக் குண்டம் தானே பற்றிக்கொள்ளும். இதில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். குளிர்ந்த காலை நேரத்தில் அது பற்றுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். ஒரு மார்கழியில், ஏன் பற்றவில்லை என்று குனிந்து பார்த்த எங்கள் தொண்டர் ஒருவரின் புருவம் கருகியது. கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. அது முழுக்க என் கவனக்குறைவு. படத்தின் அலுமினியச் சட்டத்திலிருந்து விபூதி கொட்டுகிற வித்தையை நாங்கள் செய்வதே இல்லை. அதற்குத் தேவையான பாதரசக் குளோரைடு கொடிய நஞ்சு. உங்கள் ஊர்க் குழு அதைக் குழந்தைகள் முன் செய்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இந்த வித்தைகளால் எது நிரூபணமாகிறது என்பதில்தான் பல குழுக்கள் தவறுகின்றன. நான் விபூதி வரவழைத்துக் காட்டினால், விபூதியை இப்படியும் வரவழைக்கலாம் என்பது மட்டுமே உறுதி. குறிப்பிட்ட சாமியார் அப்படித்தான் செய்தார் என்பதை அவர் கையை நேரில் சோதிக்காமல் சொல்ல முடியாது. எளிய வழி ஒன்று இருக்கும்போது அற்புதம் என்று சொல்கிறவர்தான் சான்று தர வேண்டும், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை மேடையில் சொல்லாத குழு, பார்க்க வந்தவர்களை ஒரு நம்பிக்கையிலிருந்து இன்னொரு நம்பிக்கைக்குத்தான் மாற்றுகிறது.

தீமிதி பற்றிக் கேட்காத ஊர் கிடையாது. எங்கள் பக்கம் தீமிதி, மதுரைப் பக்கம் பூக்குழி இறங்குவது, கொங்கில் குண்டம் இறங்குவது. எரிந்து அடங்கிய மரக்கரி வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும், அதன் மேல் சாம்பல் வேறு படிந்திருக்கும். ஒவ்வோர் அடியிலும் பாதம் கரியைத் தொடுவது ஒரு வினாடிக்கும் குறைவு. அடுப்பில் காய்கிற தோசைக்கல்லைத் தொட்டால் சுடுகிறது, அதன் மரப்பிடியைத் தொட்டால் சுடுவதில்லை அல்லவா, அதே கணக்குதான். இதுவரை உறுதி. குண்டத்துக்கு முன்னால் கால் நனைப்பது காக்கிறதா என்பதில் ஒத்த கருத்து இல்லை. ஈரத்தில் கரித்துண்டு ஒட்டிக்கொண்டு கூடுதலாகச் சுடவும் வாய்ப்பு உண்டு. விரதம் இருந்து அருள் வந்தவருக்கு வலி குறைவாகத் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மூளைக்குள் அது எப்படி நடக்கிறது என்று விளக்குவது என் வேலை அல்ல. பக்தியால்தான் சுடவில்லை என்ற பேச்சில் ஒரு கொடுமை இருக்கிறது. யாருக்காவது சுட்டுவிட்டால் 'விரதத்தில் குறை' என்று அவர் மேலேயே பழி விழும். என் அத்தைக்கு அப்படி நடந்தது. காலில் கொப்புளத்தோடு ஆறு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அதனால் திருவிழா சமயத்தில் நாங்கள் போய் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம், ஓடி இடறினால்தான் பெரிய காயம், சுட்டால் உடனே தண்ணீர் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மட்டும் சொல்கிறோம். கோயில் நிர்வாகத்தினரே ஒலிபெருக்கியில் அதை அறிவித்திருக்கிறார்கள்.

வெளியே அதிகம் பேசாத வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் கல் விழுகிறது, துணி தீப்பிடிக்கிறது என்று அழைப்பு வரும். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனோம். விளக்கு வைக்கிற நேரத்தில் கல் விழுவதாகச் சொன்னார்கள். மந்திரவாதிக்கு ஏற்கெனவே கடன் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஒரு நோட்டு போட்டு நான்கு மாலைகள் எழுதினோம்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், அப்போது வீட்டில் யார் எங்கே இருந்தார்கள். கோவூர் தன் அனுபவங்களில் சொன்ன அதே வடிவம் தெரிந்தது. 14 வயதுப் பெண் கொல்லைப்புறம் இருந்த நேரங்களில் மட்டுமே கல் விழுந்திருந்தது. வீட்டில் பேசிப் பார்த்தபோது, அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், தாய்மாமனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

பேய் இல்லை, உங்கள் மகள்தான் என்று அங்கேயே அறிவித்திருந்தால் எங்களுக்குக் கைதட்டும், அவளுக்கு அடியும் கிடைத்திருக்கும். எங்கள் குழுவில் இருந்த ஓர் ஆசிரியை அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். அழுதுவிட்டுச் சொன்னாள். வீட்டாரிடம், இனிமேல் கல் விழாது, பெண்ணை மட்டும் மறுபடி பள்ளிக்கு அனுப்புங்கள் என்றோம். தலைமை ஆசிரியர் நேரில் வந்து அவள் பாட்டியிடம் பேசினார். கல் நின்றது, அவள் பத்தாம் வகுப்பு எழுதினாள். ஆனால் நாங்கள்தான் ஏதோ 'கட்டு' கட்டிவிட்டோம் என்று அந்தத் தெரு இன்றும் நம்புகிறது. உண்மையைச் சொல்ல வந்தவர்கள் உண்மையை மறைத்தது சரியா என்று எங்களுக்குள் பல கூட்டங்களில் சண்டை வந்தது. இன்று கேட்டாலும் நான் அதையேதான் செய்வேன்.

'பேய் பிடித்த' ஒருவரைக் கொண்டுவந்தால் நாங்கள் எதையும் சோதிக்க மாட்டோம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடப் போவோம். கோயிலுக்கும் தர்காவுக்கும் போகாதே என்று சொல்வதும் இல்லை, மாத்திரையை நிறுத்தாதே என்றுதான் கெஞ்சுவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்ததை எங்கள் தலைமுறை மறக்க முடியாது.

பாம்புக்கடியும் இதே வகை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மந்திரித்துப் பிழைத்தவர்களை நானே பத்துப் பேர் காட்டுவேன் என்று கிராமத்தில் ஒருவர் எழுந்து சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. நம் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நச்சுப் பாம்பும் சில வேளை நஞ்சை இறக்காமல் கடிக்கும். மந்திரிக்காவிட்டாலும் அந்தப் பத்துப் பேர் பிழைத்திருப்பார்கள், உலக்கை மறுநாளும் நின்றதைப் போல. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மாற்றுமருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். கட்டுவிரியன் இரவில் நாம் தூங்கும்போது கடிக்கும், பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. அறிவியல் குழு ஓர் ஆண்டில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், பாம்பு கடித்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று ஊருக்குச் சொல்லட்டும் என்பேன்.

வானம் பார்ப்பது எல்லோரும் சண்டையில்லாமல் வருகிற நிகழ்ச்சி. ஏப்ரல் 10ஐ ஒட்டிக் கன்னியாகுமரியில் தொடங்கி, ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சென்னை வரை, ஒவ்வோர் ஊரிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் ஒன்று உண்டு. நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக அது திரும்பி வரும். செலவே இல்லாத கூட்டம். 2031 மே 21 அன்று தமிழ்நாட்டின் தென்பகுதியில் மறுபடி வளைய கிரகணம் தெரியும். கிரகணத்தின்போது நாங்கள் வெளியே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவோம். ஆனால் கர்ப்பிணிகளை மேடையேற்றிச் சாப்பிட வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பின்னால் எந்தக் காரணத்தால் குழந்தைக்கு ஏதாவது ஆனாலும் அந்தப் பழியைச் சுமக்கப்போவது அந்தப் பெண்தான்.

சரி, நீங்கள் போகலாமா? போகலாம். எங்கள் குழுவில் கடவுள் மறுப்பாளர்கள் உண்டு, ஞாயிறு காலை தேவாலயம் போய்விட்டு மாலையில் வருகிறவர் உண்டு, ஐந்து வேளை தொழுகிற மருந்தாளுநர் உண்டு. கடவுள் உண்டா என்பதை எங்கள் முறையால் சோதிக்க முடியாது. இந்தத் தாயத்து மஞ்சள்காமாலையைக் குணமாக்குமா என்பதைச் சோதிக்க முடியும். 1976இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 51ஏ(எச்) பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் எல்லோருடைய கடமை என்கிறது, அதில் நம்புகிறவர், நம்பாதவர் என்ற பிரிவினை கிடையாது. ஆனாலும் உங்கள் ஊர்க் குழு எப்படிப்பட்டது என்று நீங்களே போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சில குழுக்களில் கேலிதான் முக்கால்வாசி. அப்படியிருந்தால் இரண்டாவது மாதம் போகாதீர்கள்.

ஆபத்து உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மறைக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக் குழுவை நிறுவிய மருத்துவர் நரேந்திர தபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2024 மே மாதம், இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் பல ஆண்டுகள் போராடிக் கேட்ட மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம் அவர் இறந்த ஆண்டின் இறுதியில் நிறைவேறியது. எங்கள் ஊரில் எங்களுக்கு வந்ததெல்லாம் இரண்டு மிரட்டல் கடிதங்கள்தான். மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போடவும் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. அதனால் தனிநபர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்ட மாட்டோம், வழிபாட்டு இடத்துக்குள் நிகழ்ச்சி நடத்த மாட்டோம்.

யாராவது மாறினார்களா என்ற கேள்விக்கு, உலக்கைக்குக் கேட்ட அதே கேள்வியை எங்களுக்கும் கேட்க வேண்டும். மேடையில் கைதட்டு விழுந்தது, மாணவர்கள் நன்றாக இருந்தது என்று எழுதிக்கொடுத்தார்கள். நிகழ்ச்சி நடக்காத பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு ஓராண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்த்தோமா? இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட இல்லை. அதனால் ஊர் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். தனித்தனியாகச் சிலரைச் சொல்ல முடியும். உலக்கை நிறுத்திய அந்தப் பாட்டி 2020 ஜூன் 21 கிரகணத்தன்றும் உலக்கையை நிறுத்தினார். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "நாளைக்கும் வா, நாளைக்கும் நிக்கும்" என்றாராம். கும்பிட்டுவிட்டுத்தான் சொன்னார் என்று அவர் பேத்தி சொன்னாள்.